படகு மோட்டாரின் புகைத்துளையில் படியும் எண்ணெய்க் கசடு

கடலினின்று வெகுதொலைவில், கோலார் தங்கவயலின் பாலகாட்டில் பணிபுரியும் ஆசிரியருக்குப் படகு மோட்டாரைப் பற்றிய பாடம் எதற்கு என்ற வினா எழலாம். படகின் பின்பலகையில் மாட்டும் சிறு மோட்டாரும், நம் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொபெட்டும், வயலில் மருந்து தெளிக்கும் கைக்கருவியும் பெரும்பாலும் ஒரே வகை எஞ்சினால் இயங்கியவை. அன்றியும், பாலகாட்டின் உயரம் இப்பாடத்திற்கே ஒரு சான்றாக அமைவதைப் பின்னர்க் காண்போம்.

1980ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மீனவர் தம் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் இம்மோட்டாரைப் பெருவாரியாக மாட்டத் தொடங்கினர். அன்று முதல் களப்பணியாளர் கேட்டுவரும் முறையீடு ஒன்று உண்டு: புகை வெளிவரும் துளையில் கறுப்பாக எண்ணெய் வடிகின்றது, நீரின்மேல் பல நிறத்தில் ஏடு படர்கின்றது. இதைக் கண்டவுடன் பலர் பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைக் குறைத்துவிடுகின்றனர். மோட்டாருக்கு இதனினும் பெரிய கேடு வேறில்லை.

இதன் காரணத்தை ஆராய்வோம். இரண்டு ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சினில் தனி எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் இராது. பெட்ரோலில் கலந்த எண்ணெயே கிராங்கு அறை வழியாகச் சென்று, பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துப் பின் எரிகின்றது. புதுக்கலவை சிலிண்டரில் நுழையும்போது புகைவாயிலும் திறந்தே இருக்கும். ஆதலின் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகின்றது. பழைய வகை எஞ்சின்களில் இஃது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எனவே வடிவது பெரும்பாலும் மிகுதியான எண்ணெயன்று, எரியாத எண்ணெயே. எண்ணெயைக் குறைத்தால் எரியாமை நீங்காது. பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். கரைக்காற்று வீசும் வேளையில் நடுக்கடலில் அவ்வாறு நேர்ந்தால் படகிலுள்ளோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளவு, செய்தவர் தரும் கைந்நூலில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று எனில் 5 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர். இருபத்தைந்துக்கு ஒன்று எனில் 200. குத்துமதிப்பாக ஊற்றுவோரே மிகுதி. அளவுக் குவளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுவது நலம்.

அளவு சரியெனில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. அதன் முனை பால் கலந்த தேநீரின் நிறமாக இருப்பின் எரிதல் செவ்வனே நடக்கின்றது. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது: சோக் முழுதும் திறவாமை, கார்புரேட்டரில் மிதவை கெடுதல் ஆகியவற்றை நோக்குக. ஈரமாய்க் கறுத்திருப்பின் பொறி வலுவிழந்ததோ, எஞ்சின் சூடேறாமல் ஓடியதோ காரணமாகலாம். வலை இழுக்கும்போது நெடுநேரம் மெதுவாக ஓட்டுவதே பலரிடம் காணும் காரணம். தெர்மோஸ்டாட்டு உள்ள மோட்டாரில் அது திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரில் மற்றொன்றையும் கவனிக்க: மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பெட்ரோலில் கிளப்பி, நன்கு சூடேறிய பின்னரே மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு வர வேண்டும். அவசரப்பட்டு மாற்றுவோரின் புகைத்துளை என்றும் ஒழுகும்.

விசிறியருகே தடித்த எண்ணெய் கசிந்து கந்தக நெடி வீசினால் அது புகைக் கசடன்று. பல்சக்கரப் பெட்டியின் அடைப்பு தேய்ந்துள்ளது. இவ்விரண்டையும் மாணவர் பிரித்தறிய, வெள்ளை உறிஞ்சுதாளில் ஒவ்வொரு துளி இட்டு, தீயின்றி, காற்றாட வைக்கலாம். எரியாத கலவையில் பெட்ரோல் பறந்து கறை மெலியும். பல்சக்கர எண்ணெய் அப்படியே நிற்கும். பீப்பாய் நீரில் மோட்டாரை ஓட்டிக் காட்டும்போது நீர்மேல் கருமை படர்வது இயல்பே; அதைக் கண்டு மோட்டாரைக் குறைகூற வேண்டா. நீரின்றி மட்டும் ஓட்டலாகாது. பம்பின் ரப்பர் இதழ்கள் சிறு பொழுதில் கெட்டுவிடும். மூடிய அறையிலும் ஓட்டலாகாது. புகையில் உயிர்கொல்லும் கார்பன் மோனாக்சைடு உண்டு.

இனிப் பாலகாட்டின் உயரத்தைக் காண்போம். தங்கவயல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் மேலுள்ளது. இங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையினும் நூற்றுக்கு எட்டளவு குறைவு. இறங்க இறங்கக் காற்று அடர்வதை, 2001இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று வந்த தொழிலாளர் உடலாலேயே அறிந்திருந்தனர். கடற்கரையில் சரிசெய்த கார்புரேட்டரை இங்குக் கொணர்ந்து, பேத்தமங்கலம் ஏரி போன்றதொரு நீர்நிலையில் ஓட்டினால், பழுது ஏதுமின்றியே கலவையில் பெட்ரோல் சிறிது மிகும். பிளக்கு கறுக்கும், கசடு கூடும். பாலாற்றின்மேல் அமைந்த அவ்வேரியே தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது என்பதால் இங்குக் கசடு வெறும் எஞ்சின் செய்தியன்று. கைந்நூல் இடம் தரின் சற்றுச் சிறிய ஜெட்டு பொருத்துக. எண்ணெயளவில் கை வைக்கற்க. அதே மோட்டாரைத் திரும்பக் கடற்கரைக்கு அனுப்புமுன் பழைய ஜெட்டை மாட்டிவிடுதல் வேண்டும். மறந்தால் அங்குக் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிளக்கு வெளுத்து, பிஸ்டன் மிகச் சூடேறும்.