செம்மறியாட்டின் அசையிரைப்பைப் புழுக்களை இனங்காணுதல்

மழைக்காலத்தின் இறுதியிலும் அதனை அடுத்த மாதங்களிலும் செம்மறி மந்தைகளில் நீர்போன்ற கழிச்சல் கண்டு, ஆடுகள் மெலிந்து மடிவதுண்டு. அத்தகைய வேளையில் கழிச்சலைச் சோதித்து, “புழு முட்டை இல்லை” என முடிவு கூறுவது பெருந்தவறாக முடியக்கூடும். நாட்டின் சில பகுதிகளில் ‘கில்லர்’ என்றும் ‘பிட்டோ’ என்றும் வழங்கும் இந்நோயை விளைவிப்பவை, முட்டையிடும் பருவத்தை எய்தாத இளம்புழுக்களே.

புழுவின் தோற்றம்

வளர்ந்த புழு ஏறத்தாழ 5 முதல் 13 மில்லிமீட்டர் நீளமுடையது, கூம்பு வடிவினது, தடித்தது, இளஞ்சிவப்பு நிறமுடையது. தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்ததாயினும் கல்லீரல் புழுவைப்போல் இலை வடிவில் தட்டையாக இராது. கூரிய முனையில் வாயும், அகன்ற பின்முனையில் பெரியதோர் உறிஞ்சியும் உள்ளன. பின்முனை உறிஞ்சியால் அசையிரைப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது.

நம் நாட்டில் காணப்படும் பேரினங்களுள் மூன்றைப் பின்வருமாறு வேறுபடுத்தலாம். காஸ்ட்ரோதைலாக்ஸின் வயிற்றுப்புறத்தில் பை போன்ற அமைப்பு உண்டு. பாராம்பிஸ்டோமத்தில் அப்பை இல்லை. கோட்டிலோபோரானிலும் பை இல்லை. ஆனால் இனப்பெருக்கத் துளையைச் சுற்றித் தனியே ஓர் உறிஞ்சி உண்டு. இதற்குமேல் இனத்தை நிர்ணயிக்கச் சாயமேற்றிய மாதிரிகளும் ஆய்வுக்கூட வசதியும் வேண்டும்.

வாழ்க்கைச் சுற்று

கழிவுடன் வெளிவரும் முட்டைகள் நீரில் பொரிகின்றன. வெளிவரும் நுண்புழு, இண்டோபிளானார்பிஸ், கைராலஸ் முதலிய நன்னீர் நத்தைகளுள் தனக்கேற்றதனுள் புகுந்து பெருகுகிறது. பின்னர் நத்தையைவிட்டு நீங்கிப் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. அப்புல்லை மேயும் ஆட்டின் முன்சிறுகுடலில் கூடு கரைந்து இளம்புழு வெளிப்படுகிறது. அது குடற்சுவரைத் துளைத்துச் சில வாரங்கள் தங்கியபின் அசையிரைப்பைக்குச் செல்கிறது. கடுஞ்சேதம் நிகழ்வது குடலில் தங்கும் அக்காலத்திலேயே. அசையிரைப்பையை அடைந்த புழுக்களால் பெரும்பாலும் மிகுந்த தீங்கு இல்லை.

உயிருள்ள ஆட்டில் சோதனை

துர்நாற்றமுள்ள கழிச்சல், மிகுந்த தாகம், தளர்ச்சி, தாடையின் கீழ் நீர்வீக்கம் ஆகியவை அறிகுறிகள். கழிச்சலை வெண்ணிறத் தட்டில் நீர் விட்டுக் கலக்கிப் பார்ப்பின், அரிசி நொய்யளவுள்ள இளம்புழுக்கள் சிலவேளை தென்படும்.

முட்டைகளைத் தேடுவதற்குப் படிவு முறையே ஏற்றது. புழுக்கையை நீரில் கரைத்து வடிகட்டி, சில நிமிடங்கள் அசையாது வைத்து, மேல்நீரை மெதுவாகக் கொட்டிவிட வேண்டும். நீர் தெளியும்வரை இதனைத் திரும்பச் செய்து, அடிப்படிவில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் இட்டு நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். புல்துகள்கள் நீலமாகும், முட்டைகள் நிறமேற்கா. கல்லீரல் புழுவின் முட்டை பித்தநீர் தோய்ந்து மஞ்சளாயிருக்கும்; அசையிரைப்பைப் புழுவின் முட்டை நிறமற்றோ சற்றே சாம்பல் நிறமாகவோ இருக்கும். இரண்டிற்கும் ஒரு முனையில் மூடி உண்டு.

இறந்த ஆட்டில் சோதனை

அசையிரைப்பையை மட்டும் திறந்து பார்ப்பது போதாது. முன்சிறுகுடலை நெடுக வெட்டி, உட்சவ்வைக் கத்தியின் முதுகால் சுரண்டி நீரில் இட்டுக் கைலென்ஸால் நோக்க வேண்டும். சவ்வு தடித்து இரத்தப்புள்ளிகளுடன் இருப்பதும், சுரண்டலில் இளம்புழுக்கள் மிகுதியாக இருப்பதும் நோயை உறுதிசெய்யும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

முட்டை காணாமை நோயின்மைக்குச் சான்றாகாது. அவ்வாறே ஓரிரு முட்டைகள் காண்பதால் மட்டும் கழிச்சலுக்கு இப்புழுவே காரணம் எனத் துணிதலும் ஆகாது. காய்ச்சலும் வாய்ப்புண்ணும் உடனிருப்பின் ஆட்டுக்கொல்லி நோயை ஐயுற்று உடனே அறிவிக்க வேண்டும்.

இனம் பிரித்தறிதல் சிகிச்சைக்கும் இன்றியமையாதது. கல்லீரல் புழுவிற்குப் பயன்படும் டிரைகிளாபெண்டசோல் இப்புழுவிற்குப் பயன்தராது, ஆக்ஸிக்ளோசனைடு பயன்தரும். அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நத்தை மிகுந்த குட்டையோரங்களில் மேய்ப்பதைத் தவிர்ப்பதே மந்தைக்கு நிலையான காப்பு.

ஆசிரியர்கள் இறைச்சிக்கூடத்திலிருந்து ஓர் அசையிரைப்பையையும் கல்லீரலையும் பெற்று, இரு வகைப் புழுக்களையும் அருகருகே வைத்துக் காட்டுவாராயின், மாணவர் இவ்வேறுபாட்டை எளிதில் மறவார்.