தேய்ந்த திருகாணியும் தக்க குறடும்

சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிர் வந்தது 1820-ஆம் ஆண்டுகளில், சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில். அன்று தொட்டு மாறாத விதி ஒன்று உண்டு: பறித்த பழத்தை அன்றே தோலுரித்தல் வேண்டும். குவித்து வைத்தால் பழம் புளித்து, கொட்டையில் வாடை ஏறி, விலை இறங்கும். ஆதலால் அறுவடைக் காலத்தில் பல்ப்பர் இயந்திரம் ஒரு நாள் நிற்பதும் நஷ்டமே. அதை நிறுத்தத் துருவேறிய ஒரு சிறு திருகாணி போதும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழையும் மூடுபனியும் பழச்சாறும் இரும்பை அரிக்கின்றன. திருப்புளி வழுக்கி, தலையின் காடி தேய்ந்தவுடன் நாம் கைக்கு அகப்பட்ட குறட்டை எடுக்கிறோம். அவ்வாறு செய்து, தலையையும் வழுவழுப்பாக்கி, முடிவில் துளையிட்டு எடுக்கும் நிலைக்கு நாமும் ஒருமுறை ஆளானோம். அன்று பறித்த பழம் மறுநாள்வரை காத்துக் கிடந்தது.

பிழை எங்கே? சாதாரணக் குறட்டின் வாயில் பற்கள் குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். குறட்டைச் செங்குத்தாக நிறுத்தி நுனியால் தலையைக் கவ்வித் திருப்பினால், அப்பற்கள் சுழலும் திசையிலேயே கிடப்பதால் பிடி வழுக்குகிறது. திருகாணி நீக்கும் குறட்டின் நுனியில் நீளவாக்கிலும் பற்கள் உண்டு. அவை தலையின் விளிம்பில் பதிந்து, சுழற்சியைத் தடுத்துப் பிடிக்கும். ஒசாகா நகரிலுள்ள எஞ்சினியர் என்னும் நிறுவனம் இவ்வகைக்குப் பெயர் பெற்றது.

தேர்ந்தெடுக்கும் முறை வருமாறு:

1. தலை மேலே புடைத்திருந்தால், நீளவாக்குப் பற்களுள்ள குறடு ஏற்றது.

2. தலை முறிந்து தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், பூட்டிக்கொள்ளும் குறடு வேண்டும். அமெரிக்கக் கொல்லர் வில்லியம் பீட்டர்சன் 1924-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கை தளர்ந்தாலும் இதன் பிடி தளராது.

3. தலை தகட்டோடு சமமாகப் புதைந்திருந்தால் எக்குறடும் பயன்படாது. துளையிட்டு எடுப்பதே வழி.

வாங்கும்போது குறட்டை மூடி வெளிச்சத்தில் பாருங்கள். நுனிகள் இடைவெளியின்றிச் சேர வேண்டும், மூட்டு ஆடலாகாது.

திருகுமுன் துருநீக்கும் எண்ணெய் சில துளி இட்டு, இரவு முழுதும் ஊறவிட்டு, தலையை இலேசாகத் தட்டுங்கள். முதலில் சிறிது வலப்புறம் அசைத்து, பின்னர் இடப்புறம் திருப்புங்கள். பழம் இடுமுன் எண்ணெயை முற்றும் துடைத்தல் அவசியம். காப்பி வாடையை எளிதில் ஏற்கும். தறியில் இவ்வேலை செய்யும் நெசவாளர் பாவைத் துணியால் மூடிய பின்னரே எண்ணெய் இடுக. பாவில் விழுந்த கறை புடவையிலும் நிற்கும்.

எடுத்த திருகாணியை மீண்டும் பூட்டாதீர்கள். அதே மரையுள்ள புதியதை, சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

இவ்விரு குறடுகளையும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டுவதில்லை. சங்கத்தில் ஒரு ஜோடி இருந்தால், முறைவைத்துப் பலர் பயன்படுத்தலாம். அறுவடை தொடங்குமுன்பே வாங்கி வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.