விலை ஏறினால் முதலில் யார் வீட்டைச் சுடும்?



கரண்ட் பில் கூடிப்போச்சு என்பதுதான் லயத்துக்கு லயம் பேச்சு. நிறையப் பாவிக்கிறவர்களுக்குத்தானே விலையேற்றம் நிறையச் சுடும் என்று நாம் நினைக்கிறோம். அது சரியா என்று வன்னியை வைத்துப் பார்ப்போம்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன நம்மவர்கள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார்கள். உங்களில் பல பேருக்கு அங்கே சொந்தக்காரர் இருப்பார்கள். 1990இல் யுத்தம் மறுபடி தொடங்க, அங்கே மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல் தடை. மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் போனது, விலையோ பல மடங்கு. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறக்கும்வரை இந்தப் பாடுதான்.

சனங்கள் சும்மா இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரி போட்டு விளக்கு செய்தார்கள். டைனமோ சுற்றி ரேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில் ஓடியது! சுற்றிலும் காடு இருந்தபடியால் விறகுக்குப் பெரிய குறையில்லை. கஷ்டப்பட்டது பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்துப் பயிர் செய்தவர்கள். விளக்கைச் சின்னதாக்கலாம், பயிருக்குப் பாதித் தண்ணீர் விட முடியுமா? குறைக்க முடியாத தேவை, அதுக்கு ஒரே ஒரு எரிபொருள் என்று எந்த வீடு இருக்கிறதோ, அந்த வீடுதான் முதலில் விழும்.

2022 ஆகஸ்டில் இதே கதை. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாய். முல்லைத்தீவில் மண்ணெண்ணெயில் படகு ஓட்டுகிற மீனவருக்கு அதற்கு மாற்று இல்லை.

இப்போ நம் பில்லுக்கு வருவோம். மாதம் 30 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 2022 ஆகஸ்டுக்கு முன் 105 ரூபாய்தான். 2023 பெப்ரவரியில் அதே 30 யூனிட்டுக்கு 1,300 ரூபாய், பன்னிரண்டு மடங்கு! 200 யூனிட் எரித்த வீட்டுக்கு மூன்று மடங்குகூடக் கூடவில்லை. இரண்டு பல்ப் எரிக்கிறவர்கள் எதைக் குறைப்பது? நாம் கேட்டால் இது நியாயமே இல்லை. 2023 ஜூலையில் குறைத்தார்கள். அதன் பிறகும் கட்டணம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறோம், பிள்ளைகளிடம் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். 1,000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். பழைய 60 வாட் பல்ப் தினம் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்ஈடி பல்ப் என்றால் ஒன்றரை யூனிட்கூட வராது. ஆனால் அயன் பெட்டியும் கேத்தலும் கொஞ்ச நேரத்திலேயே யூனிட்டைத் தின்னும். 2023 பெப்ரவரிக் கட்டணப்படி 31ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் 187 ரூபாய் கூடியது, ஏனென்றால் 30ஐத் தாண்டினால் நிலைக் கட்டணமும் ஏறும்.

விறகு அடுப்பை அவசரப்பட்டு உடைத்துப் போடாதீர்கள். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனபோது நமக்குக் கைகொடுத்தது மிலாறுதான். கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற மிலாறைக் கட்டி, மழை படாமல் அடுக்கி வையுங்கள். ஈர விறகு இரட்டிப்பாகச் செலவாகும், புகையும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். அடுப்புக்கு மேல் புகை போக வழி இல்லாத வீட்டுக்காரர் நம்மிடம் வந்து சொல்லுங்கள்.