வசதியும் வீதியும்: சிறார் சாகசமும் பெற்றோர் பொறுப்பும்

வறுமையே சிறாரைத் தவறான வழியில் செலுத்துகிறது என்பது பொதுவான கருத்து. ஆயினும், பெருநகரங்களின் வசதிமிக்க குடியிருப்புகளில் வளரும் சிறாருள் சிலரும் வீதிப் பந்தயம், மோட்டார் சைக்கிள் சாகசம் முதலியவற்றை நாடுகின்றனர். இவர்களுக்குக் குறைவது பொருளன்று. பெரியோரின் கண்காணிப்பும், துணிவைக் காட்டுதற்குத் தக்க களமுமே ஆகும்.

2016 ஏப்ரலில் தில்லியில், 18 வயது நிரம்பச் சில நாட்களே இருந்த சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் உயிரிழந்தார். குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு என வரையறுக்கப்படாத குற்றம் ‘கொடிய குற்றம்’ ஆகாது என்றும், ஆதலின் அச்சிறுவனை வயது வந்தோரைப் போல் விசாரிக்க இயலாது என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அபராதம் மட்டுமே தண்டனையாயின், செல்வருக்கு அது சிறு செலவே. ஆபத்தின் முழு விலையையும் வீதியில் நடந்து செல்வோரே தருகின்றனர். மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் (2019) இச்சுமையை ஓரளவு இடம் மாற்றியுள்ளது. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைப்பின், பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். சிறுவன் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்ததாகவோ மெய்ப்பிப்போருக்கே விலக்கு உண்டு.

எனவே, சிறுவன் கைக்குச் சாவி எவ்வாறு வந்தது என்பதே அதிகாரிகள் முதலில் ஆராய வேண்டிய வினாவாகும்.