பார்த்தறியும் கல்வி: குழந்தைகளோடு வீட்டில் செய்யத்தக்க பருவகாலப் பரிசோதனைகள்

பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் தங்கி வேதங்கள் அனைத்தையும் பயின்று, இருபத்து நான்காம் வயதில் வீடு திரும்பினான் சுவேதகேது. கற்றோம் என்ற செருக்கு அவனிடம் நிறைந்திருந்தது. அவனுக்குத் தந்தை உத்தாலகர் போதித்த முறை சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. ஓர் உப்புக் கட்டியை நீரில் இட்டு வைத்துவிட்டு மறுநாள் காலையில் வருமாறு அவர் மகனைப் பணிக்கிறார். காலையில், இட்ட உப்பை எடுத்துத் தருமாறு கேட்கிறார். மகன் நீரைத் துழாவிப் பார்க்கிறான், உப்பு அகப்படவில்லை. பிறகு அந்நீரை மேற்புறத்திலும் நடுவிலும் அடியிலுமாகச் சுவைத்துப் பார்க்கச் செய்கிறார். எங்கு எடுத்தாலும் உப்புக் கரிக்கிறது.

இவ்வுபதேசத்தின் உட்பொருள் பரம்பொருளைப் பற்றியது. ஆசாரியர்கள் அதை விரிவாக விளக்கியுள்ளனர். குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. உத்தாலகர் ஓர் இரவு முழுவதும் காத்திருந்தார். உப்பு கரைந்து நீரெங்கும் பரவும் என்பதை அவர் ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொருளை மகனின் கையில் கொடுத்தார், செய்யச் சொன்னார், கண்டதைக் கேட்டார். விளக்கம் அதன் பிறகே வந்தது.

இன்றைய இல்லங்களில் குழந்தை ஒன்றைக் கேட்ட மறுகணமே கைபேசியில் விடை கிடைத்துவிடுகிறது. விடை பெரும்பாலும் சரியானதே. ஆயினும் கேள்வி மனத்தில் ஊறுவதற்கு நேரமில்லாமல் போகிறது. இதற்கு மாற்றாக விலையுயர்ந்த அறிவியல் பெட்டிகள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு குச்சி, ஒரு புட்டி, சிறிது தேங்காய் எண்ணெய், ஒரு மண்பானை, இவற்றோடு சில நாட்கள் வாய் திறவாமல் இருக்கச் சம்மதிக்கும் பெற்றோர் இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது.

பரிசோதனை தொடங்குமுன் குழந்தைக்கு ஒரு குறிப்பேடு தர வேண்டும். நாள், நேரம், எதிர்பார்த்தது, கண்டது என்று நான்கு பத்திகள் அதில் இருக்கட்டும். எதிர்பார்த்ததை மையில் எழுதச் சொல்வது நல்லது. பிறகு அழிக்க முடியாது.

நண்பகல் நிழல்

ஒரு வாளியில் மணலை நிரப்பி, மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வைத்து, அதில் ஒரு குச்சியை நட வேண்டும். குச்சியின் நுனி தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். காலை பதினோரு மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை, நிழலின் நுனி விழும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். நிழலைப் பார்ப்பதே வேலை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளிலேயே ஒரு வியப்பு காத்திருக்கும். நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உண்மையான நண்பகல். அது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. ஜூன் மூன்றாம் வாரத்தில் சென்னையில் அது ஏறத்தாழ 12.10 மணி, டெல்லியில் 12.23, மும்பையில் 12.40. கொல்கத்தாவிலோ 11.38 மணிக்கே நண்பகல் கடந்துவிடுகிறது. நாடு முழுவதும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகிறது, அக்கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தது. சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடங்கள் ஆகும். அதனால் கிழக்கே உள்ளவர்களுக்கு நண்பகல் முந்துகிறது, மேற்கே உள்ளவர்களுக்குப் பிந்துகிறது. கடிகாரம் மனிதரின் ஏற்பாடு என்பதைக் குழந்தை இவ்வாறு தானே கண்டுகொள்கிறது.

அடுத்து, நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்பது. நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கடகரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளுக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தும். இந்தியாவின் ஊடாக, உஜ்ஜயினிக்கும் ராஞ்சிக்கும் அருகே, கடகரேகை செல்கிறது. அதற்குத் தெற்கே உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில் நிழல் குச்சியின் காலடியிலேயே மறைந்துவிடும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 11, சென்னையிலும் பெங்களூரிலும் ஏப்ரல் 24, மும்பையில் மே மாதத்தின் நடுப்பகுதி ஆகிய நாட்களை ஒட்டி இது முதன்முறை நிகழும். சூரியன் தெற்கே திரும்பும்போது, சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில், மறுமுறை நிகழும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னையில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு அந்நிழல் 18 சென்டிமீட்டர். அதே நாளில் டெல்லியில் 9 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழுகிறது.

இந்த இடத்தில்தான் பெற்றோருக்குச் சோதனை. குழந்தை 'தெற்கு' என்று எழுதிக்கொண்டு வருகிறது. திசையை மாற்றி எழுதிவிட்டாய் என்று திருத்துவது மிக எளிது. பல வீடுகளில் அதுவே நடக்கும். நியாய சாஸ்திரம் அறிவின் வாயில்களாகப் பிரத்யக்ஷம், அனுமானம், உபமானம், சப்தம் என்னும் நான்கை ஏற்கிறது. பாடநூல் சப்தத்தைச் சார்ந்தது, அதை இகழ்வதற்கில்லை. கண் எட்டாத எத்தனையோ உண்மைகள் அதன் வழியாகவே வந்து சேர்கின்றன. ஆனால் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் ஒரு நிழலைப் பற்றி நூலைக் கொண்டு கண்ணைத் திருத்தினால், குழந்தை அன்று கற்பது ஒன்றுதான்: இனிப் பார்த்ததை எழுதக் கூடாது, எதிர்பார்க்கப்படுவதையே எழுத வேண்டும். அப்பாடம் எளிதில் மறப்பதில்லை.

'தெற்கு' என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பல குடும்பங்கள் இன்று ஊர்விட்டு ஊர் பிரிந்து வாழ்கின்றன. சென்னையில் ஒரு குழந்தையும், டெல்லியில் அதன் பெரியப்பா பிள்ளையும் ஜூன் 21 அன்று தத்தம் நண்பகலில் நிழலை அளக்கட்டும். குச்சியையும் நிழலையும் தாளில் சிறிய அளவில் செங்கோண முக்கோணமாக வரைந்து, குச்சியின் நுனியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால், சென்னையில் 10 பாகைக்குச் சற்று அதிகமாகவும், டெல்லியில் 5 பாகைக்குச் சற்று அதிகமாகவும் வரும். நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுவதால் இரண்டையும் கூட்ட வேண்டும், ஏறத்தாழ 15.5 பாகை. இரு நகரங்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 1,720 கிலோமீட்டர். 15.5 பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 40,000 கிலோமீட்டரை ஒட்டிய ஒரு விடை வரும். அதுவே பூமியின் சுற்றளவு. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் இம்முறையைக் கையாண்டார். 'தெற்கு' என்பதை 'வடக்கு' என்று திருத்தியிருந்தால், கூட்ட வேண்டிய கோணங்களைக் கழிக்க நேர்ந்து, பூமி மும்மடங்கு பெரிதாகியிருக்கும்!

டிசம்பர் 21 அன்று மீண்டும் அளந்தால் சென்னையில் 74, டெல்லியில் 128 சென்டிமீட்டர் நிழல். இரண்டும் வடக்கே விழும். இம்முறை கோணங்களைக் கழிக்க வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லும்.

மழையை அளத்தல்

அர்த்தசாஸ்திரத்தில், தானியக் களஞ்சியத்தின் அருகே ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்க வேண்டும் என்ற விதி காணப்படுகிறது. அளவைப் பார்த்தே விதைப்பைத் தீர்மானிப்பர். வீட்டிலும் இதைச் செய்யலாம். நேரான சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் புட்டியின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போல் மேலே பொருத்த வேண்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால் கூழாங்கற்களையும் நீரையும் இட்டுச் சமன் செய்து, அந்த நீர்மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு மில்லிமீட்டர் அளவுகளை ஒட்டிவிடலாம். சுவரும் மரமும் மறைக்காத திறந்தவெளியில் அதை வைக்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறையினர் தினமும் காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்கின்றனர். குழந்தையும் அதே நேரத்தைப் பின்பற்றினால், செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒப்பிட முடியும். இரண்டும் ஒத்துவராவிட்டால் கவலை வேண்டாம். ஒரே நகரத்தின் இரு தெருக்களில் மழை ஒன்றுபோல் பெய்வதில்லை.

இதனோடு ஒரு கேள்வியையும் இணைக்கலாம். நேரான சுவருள்ள இரண்டு டப்பாக்களை, ஒன்று அகலமானது, மற்றது குறுகலானது, அருகருகே மழையில் வைத்தால் எதில் நீர் உயரமாக நிற்கும்? அகன்றதில்தான் அதிகம் என்று சிலரும், குறுகியதில்தான் விரைவாக ஏறும் என்று சிலரும் வாதிடுவர். பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. மழை நின்றதும் அளவுகோலை இட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரே உயரம் இருக்கும். மழையைக் குடக்கணக்கில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்வது ஏன் என்பது அப்போது விளங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர் வழிந்து சாக்கடைக்குப் போகிறது என்பதைக் குழந்தை கணக்கிட்டுச் சொல்லும்போது, வீட்டுக்காரர்கள் மழைநீர்க் குழாயைப் பற்றி யோசிக்கத் தொடங்குவர்.

மும்பையின் சாந்தாகுரூஸில் 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று தொடங்கிய ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நிழல் பார்க்க நட்ட குச்சி ஏறக்குறைய முழுவதும் மூழ்கும் உயரம் அது. இவ்வெண்ணைச் செய்தியாகப் படிப்பது வேறு, குச்சியின் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்ப்பது வேறு.

அளந்த நீரைத் தினமும் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீரில் ஒரு வாரத்திற்குள் கொசு உருவாகிவிடும்.

குளிரும் வெயிலும்

குளிர்காலத்திற்குத் தேங்காய் எண்ணெயே போதிய கருவி. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். சன்னலோரம் ஒரு சிறு புட்டியை வைத்துத் தினமும் காலையில் 'நீர்', 'குழம்பு', 'கட்டி' என்று மூன்றில் ஒன்றைக் குறித்து வந்தால், வெப்பமானி இல்லாமலே பருவத்தின் போக்கு தெரியும். டெல்லியில் வாரக்கணக்கில் 'கட்டி' என்றே எழுத நேரிடும். சென்னைக் குழந்தைக்கு மார்கழி விடியலில் 'குழம்பு' கிடைத்தாலே பெரிய செய்தி.

கம்பளி சூடு தருமா என்ற கேள்வி இதைவிட ஆழமானது. தரும் என்றே எல்லாக் குழந்தைகளும் எழுதும். இரண்டு பனிக்கட்டிகளை எடுத்து, ஒன்றைத் திறந்த தட்டிலும், மற்றதை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கம்பளியில் நன்கு சுற்றியும் வைக்க வேண்டும். சூடு தரும் துணிக்குள் இருப்பது முதலில் உருக வேண்டுமல்லவா? ஆனால் தட்டில் இருந்தது நீராகிய பிறகும் கம்பளிக்குள் கட்டி மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் பலர் இதை முதல் முறை நம்புவதில்லை. திரும்பச் செய்கிறேன் என்பர். செய்யட்டும். கம்பளி சூட்டைத் தருவதில்லை, போக்குவரவைத் தடுக்கிறது என்பது மூன்றாம் முறையில் அவர்கள் வாயிலிருந்தே வரும். தயிர் தோய்க்கும் பாத்திரத்தை அம்மா குளிர்காலத்தில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பெரிய பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவர்.

கோடையில் ஒரு மண்பானையிலும் ஒரு எவர்சில்வர் பாத்திரத்திலும் சம அளவு நீர் ஊற்றி, மூடி, நிழலில் வைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் நீரை அளந்தும், தொட்டும் பார்க்கலாம். பானையில் நீர் குறைந்திருக்கும், குளிர்ந்தும் இருக்கும். பானையின் புறத்தே கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. ஜெய்ப்பூரிலும் நாகபுரியிலும் மே மாதத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். கடற்கரையை ஒட்டிய சென்னையிலும் கொல்கத்தாவிலும் பானை அவ்வளவு குளிர்வதில்லை. வெயில் இங்கும் கடுமையாக இருக்க, பானை மட்டும் ஏன் சோம்புகிறது என்று குழந்தை கேட்கும். மழைக்காலத்தில் கொடியில் துணி ஏன் காய்வதில்லை என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மழை வரும்வரை காத்திருக்கலாம்.