கருவிலிருக்கும் சிசுவைக் காக்கும் இரத்தப் பரிசோதனை



கர்ப்பிணித் தாய்மார் முதல்முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது இரத்தசோகை, சர்க்கரை இவற்றோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் என்னும் மேகப்புண் நோய் ஆகியவற்றுக்கும் இரத்தம் பார்க்கிறார்கள். "நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இது எதற்கு?" என்று சபையாரில் சிலர் மனம் வருந்துவதுண்டு. சிபிலிஸ் நோயை எடுத்துக்கொண்டு அதற்குரிய பதிலைக் கற்றுக்கொள்வோம்.

1. இது மறைந்திருக்கும் நோய். முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை, தானாகவே ஆறிவிடும். கிருமியோ வருஷக்கணக்கில் சரீரத்தில் தங்கி, நஞ்சுக்கொடி வழியாய்ச் சிசுவைத் தாக்கும். சிகிச்சை பெறாத கர்ப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை கருச்சிதைவு, குறைப்பிரசவம், சிசு இறந்து பிறத்தல், நோயோடு பிறத்தல் என்று முடிகின்றன. பிறந்தபோது நலமாய்த் தோன்றும் பிள்ளைக்கும் பின்னாளில் கண், காது, எலும்பு பழுதாகலாம். ஆகவேதான் ஆள் பார்த்து அல்ல, எல்லாத் தாய்மாருக்கும் சோதிக்கிறார்கள்.

2. இது குணமாகும் நோய். 1943 முதல் இதற்குப் பென்சிலின் கொடுக்கப்படுகிறது. நோயின் ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் ஊசி ஒன்றே போதும். நாட்பட்டிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று. இம்மருந்து தாயோடு சிசுவையும் குணமாக்கும். ஆனால் பிரசவத்துக்கு 30 நாட்களுக்கு முன்னாவது சிகிச்சை தொடங்க வேண்டும். வலி கண்டபின் சோதிப்பது பிந்திய காரியம்.

3. கணவரும் வரவேண்டும். அவர் சிகிச்சை பெறாவிட்டால் குணமான மனைவிக்கு நோய் மறுபடியும் தொற்றும். வி.டி.ஆர்.எல். சோதனை வேறு காரணங்களாலும் நோய் இருப்பதாகக் காட்டக்கூடும். இரண்டாம் சோதனையால் உறுதிசெய்வது அவசியம். அதற்குள் ஒருவரையும் குற்றப்படுத்தலாகாது.

கியூபா 2015இலும், நம் அண்டை நாடான இலங்கை 2019இலும் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றன. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலோ 2022இல் 3,761 குழந்தைகள் பிறவிச் சிபிலிஸால் பாதிக்கப்பட்டனர். உரிய காலத்தில் சோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் பத்தில் ஒன்பதைத் தடுத்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகளே கூறினார்கள். பணம் மாத்திரம் பிள்ளையைக் காப்பதில்லை. தாய் வெட்கமின்றி, ஏற்ற காலத்தில் வருவதே காக்கும்.

யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். ஆண்டவரோ அந்தக் குற்றச்சாட்டை ஏற்காமல் அவன் கண்களைத் திறந்தார். உங்கள் சபையிலுள்ள கர்ப்பிணிகளை, மூன்று மாதம் நிறையுமுன்னே கணவரோடு பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள். முடிவு எதுவானாலும் அவர்களை அன்போடு தாங்குங்கள்.