டீசல் வண்டியில் "மிஸ்ஸிங்" – கண்டுபிடிப்பது எப்படி?



ரோட்டோரம் ஒரு பழைய பிக்கப் வண்டி எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது அதன் சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நல்ல எஞ்சின் "டக டக டக டக" என்று ஒரே சீராக ஓடும். சில வண்டிகளில் நடுவே ஒரு அடி காணாமல் போகும். வண்டியே குளிர் ஜுரம் வந்த மாதிரி ஆடும். இதைத்தான் பட்டறையில் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நாலு சிலிண்டர் எஞ்சின், ஸ்லோவில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரியும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்கு 375, நாலுக்கும் சேர்த்து 1500. ஒரு நொடிக்கு 25 அடி! அதில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் ஒரு பள்ளம் விழும். நம் உடம்பு உணர்கிற ஆட்டம் அந்தப் பள்ளம்தான்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலும் இதே வழிதான். காற்றை ஏறக்குறைய 18-ல் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் ஒன்று டீசல் சரியாக வரவில்லை, இல்லையென்றால் காற்று சரியாக நசுங்கவில்லை. எல்லாச் சோதனையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சரி, வண்டிக்கு வருவோம். சனி ஞாயிறு என்றால் நான் மாமா பட்டறையில்தான் இருப்பேன். தக்காளி லோடு அடிக்கிற ஒரு அண்ணன் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்தார் (கம்பெனி பேரு எழுதலை, இது எந்த வண்டிக்கும் வரும்). விடியறதுக்குள்ள ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்தால்தான் தக்காளிக்கு விலை. ஏத்தத்தில் வண்டி இழுக்காமல் ரெண்டு மாசமாக லேட்டு. "பிக்கப் வண்டிக்குப் பிக்கப்பே இல்ல தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் முகத்தில் சிரிப்பு இல்லை. வேறொரு இடத்தில் ஃபில்டர் மாற்றி, நாலு நாசிலும் புதுசு போட்டு, கடைசியில் "எஞ்சினையே இறக்கணும், 40,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். தவணை வேறு பாக்கி. சோதித்துப் பார்க்காமல் சாமானை மாற்றுவது காசைக் கொளுத்துகிற மாதிரிதான் என்பது என் கருத்து.

மாமா முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "எப்பப்பா மிஸ்ஸிங் வருது?" என்று மட்டும் கேட்டார். "காலையில நல்லாத்தான் இருக்கு. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போனதும் ஆரம்பிக்குது." இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பொதுவாக நாசில் கெட்டாலும், ரிங் தேய்ந்தாலும் காலைக் குளிரில்தான் மிஸ்ஸிங் அதிகம், சூடானால் குறையும். இங்கே தலைகீழ். டீசல் லைனில் காற்று புகுந்திருந்தால் ஒரே சிலிண்டரில் நிற்காது, மாறி மாறி வரும்.

எந்த சிலிண்டர்?

வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தோம். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போதே நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்த வேண்டும். அப்போது அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. 1-ஐத் தளர்த்தியதும் எஞ்சின் தள்ளாடியது. 2-க்கும் 4-க்கும் அதேதான். 3-ஐத் தளர்த்தினால் ஒரு மாற்றமும் இல்லை! ஏற்கெனவே வேலை செய்யாதவனுக்கு லீவு கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன?

கவனம்: இதை யாரும் தனியாகச் செய்துபார்க்காதீர்கள். நாசில் திறக்கிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். லாரி டயரில் இருப்பதே சுமார் 8 கிலோதான். பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போகலாம். மாமா கண்ணாடி போட்டு, நட்டின்மேல் துணி சுற்றித்தான் செய்தார். இது பழைய பம்ப் வண்டிக்கு மட்டுமே. புது காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1000 கிலோவுக்கு மேல். அதில் நட்டைத் தொடவே கூடாது.

டீசலா, காற்றா?

எஞ்சினை அணைத்துவிட்டு 3-ன் நாசிலையும் 2-ன் நாசிலையும் இடம் மாற்றிப் போட்டோம், புது செம்பு வாஷரோடு. நாசில் கெட்டிருந்தால் மிஸ்ஸிங் 2-க்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, 3-லேயே நின்றது. பைப்பில் டீசலும் மற்றவை மாதிரியே வந்தது. ஆக, டீசல் பக்கம் தப்பு இல்லை.

அடுத்து நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி, டீசலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். 27, 28, 16, 27 கிலோ. மூணாவது மட்டும் விழுந்துகிடக்கிறது. அண்ணன் "அப்ப எஞ்சின் போச்சா மாமா?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பிடித்த சோதனை அடுத்ததுதான். மூணாவது பிஸ்டனை மேலே கொண்டுவந்து, கியரில் போட்டு, பஞ்சர் கடைக் காற்றை அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டோம். இப்போது காது மட்டும் போதும். ஏர் ஃபில்டரில் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றுகிற மூடியில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். எங்களுக்கு சைலன்சரில் "உஸ்ஸ்ஸ்" என்று வந்தது. எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

டேப்பெட் கவரைக் கழற்றினோம். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். இந்த எஞ்சினுக்குக் கையேட்டில் எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்று இருந்தது. நம் நோட்டுத்தாள் மூன்று நான்கை அடுக்கின கனம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மறுநாள் காலை ஆறினபின் 0.05 மட்டும் முக்கி முனகி நுழைந்தது.

ஏன் என்று இயற்பியல் பாடத்தை வைத்தே போட்டுப் பார்த்தேன். வால்வு நீளம் சுமார் 120 மி.மீ. இரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். வால்வு, தான் உட்கார்ந்திருக்கிற ஹெட்டைவிட 150 டிகிரி கூடுதல் சூடானால்: 120 × 0.000012 × 150 = 0.216 மி.மீ. 0.30 இடைவெளி இருந்தால் அது தாங்கும். 0.05 தாங்காது. ராக்கரில் முட்டி, வால்வு சீட்டில் உட்காராமல் திறந்தே நிற்கும். காலையில் நல்லா ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் வந்த ரகசியம் இதுதான்!

வால்வும் சீட்டும் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும். லூசான டேப்பெட் "டிக் டிக்" என்று கத்திக் காட்டிக்கொடுக்கும். டைட்டானது சத்தமே போடாது, அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. இப்படியே ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே சீட்டில் உட்காரும்போதுதான்.

சரிசெய்வது அரைமணி வேலை. 1-3-4-2 வரிசை என்பதால், 2-ன் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கிற நேரத்தில் 3-ன் இரண்டும் மூடியிருக்க வேண்டும். அந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, தகடு லேசாக இழுபடுகிற அளவுக்கு ஸ்குரூவை வைத்து, திரும்ப இறுக்கினோம். மற்ற வால்வுகளையும் பார்த்துவிட்டோம். எஞ்சினைச் சூடாக்கி மறுபடி கேஜ் போட்டால் மூணாவது 26 காட்டியது. மாமா கூலி 600 ரூபாய், கவர் பேக்கிங் தனி.

1000 கிலோமீட்டர் ஓடின பிறகு வண்டி வந்தது. மிஸ்ஸிங் இல்லை, ஏத்தத்தில் இழுக்கிறது. ஆனால் 0.30 வைத்த இடத்தில் 0.27 தான் இருந்தது. சீட் இன்னும் தேய்கிறது என்று அர்த்தம். திரும்ப 0.30-க்கு வைத்திருக்கிறோம். தக்காளி சீசன் முடிந்ததும் ஹெட்டை மட்டும் இறக்கி அந்த ஒரு சீட்டை மாற்றலாம், அதுவரை மாசம் ஒரு தடவை பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.